நூறு வருஷம் தாங்கும் ஓடுதளம்

தேசிய சாம்பியன் ஆன பிறகு முத்தமிழ் அதிகமாகச் செய்த வேலை உட்காருவதுதான்.

மேடையில் உட்காருவது. பாராட்டு விழா எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் ஒரு வரிசை நாற்காலி. நடுவில் வெள்ளைத் துண்டு போர்த்திய பெரிய நாற்காலி, அது தலைமை விருந்தினருக்கு. பாராட்டப்படுகிற ஆளுக்கு ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் பேசுகிறவர் மேடையில் இருக்கிற எல்லோரையும் பெயர், பதவி, அடைமொழியோடு விளிக்க வேண்டும். அடுத்தவரும் அதையே முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த தேர்தல் வரைக்கும் அது ஞாபகத்தில் இருக்கும். முத்தமிழ் இருநூறு மீட்டரை ஓடி முடித்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து முடிக்கிற நேரத்தில் பேச்சாளர் இன்னும் "எனதருமை" என்ற சொல்லைத் தாண்டியிருக்க மாட்டார்.

பிறகு பொன்னாடை. பெரம்பலூர் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொன்னாடை போர்த்தப்பட்ட ஒரு உடம்பு என்ன பாடுபடும் என்பதை எந்தப் பயிற்சி நூலிலும் எழுதவில்லை. அரும்பாவூரில் அவள் வூட்டு பீரோவில் இப்போது புடவைக்கு இடமில்லை.

இவ்வளவையும் ஏற்பாடு செய்தது அவளுடைய அண்ணன் அஜித்குமார். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். தங்கை ஜெயித்த நாளிலிருந்து அவன் கடை மிஷின் ஓய்ந்ததே இல்லை. முதல் பேனரில் முத்தமிழ் ஓடுகிற மாதிரி நல்ல படம் கிடைக்காததால், இணையத்தில் கிடைத்த யாரோ ஒரு வெளிநாட்டுக்காரியின் உடம்பில் தங்கை தலையை ஒட்டிவிட்டான். அந்தக் கால்கள் முத்தமிழின் கால்களைவிட ஒரு முழம் நீளம்.

"அண்ணே, இது நான் இல்ல."

"தலை நீதான பாப்பா. ஓடுறதுக்கு முக்கியம் தலைதான், நீயே பேட்டில சொன்ன."

உண்மையில் முத்தமிழுக்கு அப்போது முக்கியமாக இருந்தது கால். இடது கால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பு.

வேகமாக ஓடும்போது நடக்கிற விஷயம் இதுதான். ஓட்டக்காரி தரையை உதைக்கிறாள், தரை அதே பலத்தோடு அவளைத் திருப்பி உதைக்கிறது. அவள் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒவ்வொரு அடியிலும் ஒற்றைக் கால்மேல் விழும். போட்டி நடக்கிற செயற்கை ஓடுதளத்தில் ரப்பர் இருப்பதால் தரை கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கிறது. மண் தரையும் கொடுக்கும். கொடுக்காத தரையாக இருந்தால் எலும்புதான் கொடுக்க வேண்டும். அடிபட்ட எலும்பு தன்னைத் தானே சரி செய்துகொள்ளும் விதமும் ரோட்டில் ஒட்டுப் போடுகிற மாதிரிதான். முதலில் கெட்டுப்போன இடத்தை வெட்டி எடுத்துவிடும், அப்புறம்தான் புதிதாக நிரப்பும். வெட்டி எடுத்ததற்கும் நிரப்புவதற்கும் நடுவில் அங்கே பள்ளம். அந்த நேரம் பார்த்து லாரி ஏறினால் ரோடு போச்சு.

திருச்சியில் எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சென்னையில் முத்தமிழ் தங்கிப் பயிலும் விளையாட்டு விடுதியில் பிசியோவாக இருக்கும் தோழி பிரவீணா போனில் சொன்னாள்: "இன்னும் விரிசல் வுடல. வுடலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கு. மெத்துன்னு மண்ணுல மட்டும் ஓடு. கெட்டித் தரையில ஒரு நாள் முழு வேகத்துல ஓடுனின்னா, பெங்களூர் தேர்வுப் போட்டிய டிவியில பாக்கலாம்."

ஆசியப் போட்டிக்கான தேர்வு அது. முதல் இரண்டு பேருக்கு மட்டும் இடம். அதற்காகத்தான் முத்தமிழ் ஊருக்கே வந்தாள். அரும்பாவூர் ஏரி வற்றிக் கிடக்கிற மாதம், ஏரிக்குள் இருக்கும் வண்டல் மண் காலுக்கு இதம். அவள் ஓடப் பழகியதும் அங்கேதான். ஆனால் வேகம் பழகியது வேறு இடத்தில். ஊர்ப் பொதுக் களத்தில்.

கதிரடிக்கவும் தானியம் காயப்போடவும் போட்ட சிமெண்டுத் தரைதான் களம். சித்திரை வெயிலில் அங்கே மக்காச்சோளம் காயும். மணிக்கொரு தரம் ஓடிப் போய்க் காலால் கிளறிவிட்டு வர வேண்டும். தானியத்தைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்பது அம்மா அமிர்தவல்லியின் சட்டம். வெறும் பாதம், கொதிக்கிற சிமெண்டு. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறவள் விரல் பட்டதும் எடுப்பாளே, அப்படிப் பாதம் பட்டதும் எடுத்துவிட வேண்டும். விடுதிக்குப் போன பிறகு, அங்கிருந்த பயிற்சியாளர்கள் திரையில் படம் போட்டுக் காட்டி, வேகத்தின் ரகசியம் பாதம் தரையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் என்றார்கள். முத்தமிழுக்கு அது பழைய செய்தி. இதற்கா இவ்வளவு பெரிய திரை என்று நினைத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் அஜித்குமார் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனான்.

"ட்ராக் ரெடி. கண்ணை மூடிக்க."

ஓடுதளம் ஒன்று வருகிறது என்று முத்தமிழுக்கு முன்பே தெரியும். அரியலூர் பக்கத்து கருங்கோட்டை சிமெண்ட் ஆலை, சாம்பியனின் ஊருக்கு அன்பளிப்பாகத் தருகிறது. அவள் சென்னையில் இருந்த மாதங்களில் தகரத்தால் நாலு பக்கமும் மறைத்து வேலை நடந்தது. ரப்பர் வாசம் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

முழு நீளத்தில், எட்டு லேனோடு, வளைவெல்லாம் அளவு பிசகாமல், செங்காவி நிறத்தில் பளபளவென்று கிடந்தது. படத்தில் பார்த்தால் ஒலிம்பிக் ஓடுதளம். முத்தமிழ் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எந்த ஊர் ட்ராக்குக்குப் போனாலும் முதலில் அப்படித் தொட்டுப் பார்ப்பது அவள் பழக்கம்.

சிமெண்டு.

சந்தேகத்துக்கு, பையிலிருந்த ஓட்டக் காலணியின் அடிமுள் ஒன்றால் கீறிப் பார்த்தாள். முள் முனைதான் மழுங்கியது.

அவளுக்குக் கோபம் வரவில்லை, அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இது தவறாகவே தெரியாது. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல், பூமிக்கு மேலே சிமெண்டு லாரி, புளியமரத்து இலைமேல் வெள்ளைப் புழுதி. மாட்டுக் கொட்டகை ஒழுகுகிறதா, சிமெண்டு. வரப்பு உடைகிறதா, சிமெண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்ட மண்குதிரை சாய்கிறதா, சிமெண்டு. ஒரு பொருளின்மேல் மரியாதை வைத்தால் அதைச் சிமெண்டில் செய்ய வேண்டும். மரியாதை இல்லாததை மண்ணிலேயே விட்டுவிடலாம். முத்தமிழ்மேல் அவர்களுக்கு மரியாதை ரொம்ப அதிகம்.

ஆலையின் பொது மேலாளர் இளையபெருமாளும் பொறியாளர் செந்தில்குமாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். இளையபெருமாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களின் பதிலுக்குக் காத்திருக்கும் தகப்பனைப் போல நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

"ரொம்ப... கெட்டியா இருக்குங்க சார்."

இளையபெருமாள் முகம் மலர்ந்தது. "கேட்டியா செந்தில், சாம்பியனே சொல்லிடுச்சு!"

"இல்லங்க சார், ஓடுறதுக்குக் கொஞ்சம் மெத்துன்னு இருக்கணும். தரை கொஞ்சம் கொடுக்கணுங்க."

"கொடுக்கவே கொடுக்காதும்மா!" செந்தில்குமார் பதறிப்போனார். தன் வேலையை யாரோ சந்தேகப்பட்டுவிட்ட பதற்றம். "கீழ ஜல்லி, அதுக்கு மேல கம்பி, அதுக்கு மேலதான் கான்கிரீட். விமானமே இறக்கலாம். ஒரு மில்லிமீட்டர் அமுங்குச்சின்னா என் மீசைய எடுத்துடறேன்."

"அதாங்க சார் பிரச்சினையே."

"எது பிரச்சினை?"

"அமுங்காதது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல பெண்தான், பாராட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று அந்தப் பார்வை முடிவு செய்தது.

இளையபெருமாள் பொறுமையாக விளக்கினார். "அந்த ரப்பர் ட்ராக்கெல்லாம் பத்து வருஷத்துல பிஞ்சு தொங்கும்மா. இது நூறு வருஷம் தாங்கும். உனக்கப்புறம் உன் பேத்தி ஓடலாம். திறப்பு விழாவுல நீதான் முதல்ல ஓடுற. முழு வேகத்துல. குருநாதன் ஐயா வர்றாரு."

குருநாதன் ஐயா முன்னாள் வாரியத் தலைவர். எந்த வாரியம் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. முன்னாள் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

அன்று சாயங்காலம் வூட்டில் பெரிய சண்டை.

"நான் ஓட மாட்டேண்ணே. கால் போயிடும்."

"ஒரே ஒரு தரம் பாப்பா. நூறு மீட்டர். கை தட்டுவாங்க, முடிஞ்சிடும்."

"ஒரு தரந்தான் லாரி ஏறணும், ரோடு உடையறதுக்கு."

"என்ன லாரி?"

அவள் ஸ்கேன் படத்தை எடுத்து விளக்கில் காட்டினாள். அஜித்குமார் இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். ஃப்ளெக்ஸ்காரன் கண்ணுக்கு அது மட்டமான பிரிண்டாகத்தான் தெரிந்தது.

"அரியலூர்லேந்து அரும்பாவூர் வரைக்கும் போஸ்ட்டுக்கு ஒரு பேனர் கட்டியிருக்கேன். 'சிமெண்டு மண்ணில் சீறும் சிறுத்தை'ன்னு. நீ ஓடலைன்னா சிறுத்தை எங்கடான்னு என்னைய கேப்பான். தலைக்கனம் புடிச்சவன்னு உன்னைய சொல்லுவான்."

"சிமெண்டு மண்ணுன்னு ஒண்ணு இல்லவே இல்லண்ணே."

"மோனைக்கு வந்துச்சு."

இத்தனைக்கும் நடுவில் அமிர்தவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் அன்று மதியமே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"எடம் அருமையா இருக்குடி," என்றாள். "இவ்ளோ பெரிய களம் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது."

"அம்மா, அது களம் இல்ல. ட்ராக்," என்றான் மகன்.

"என்னத்தயோ. புதுசா கட்டுனதுக்குப் பூசை போடாம யாரும் கால வைக்கக் கூடாது, சொல்லிட்டேன். கோடு ஆரம்பிக்கிற எடத்துல மஞ்சப் புள்ளையார் வச்சு, தேங்கா ஒடச்சி, சூடம் காட்டணும்."

இது மட்டும் எல்லோருக்கும் சம்மதமாக இருந்தது. ஆலைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள், அய்யர் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

விழா காலை ஒன்பது மணிக்கு. காலை ஒன்பது என்பது அழைப்பிதழில் அச்சடிக்கிற நேரம். மக்கள் பத்துக்கு வருவார்கள், மைக்செட்டு பத்தரைக்கு வேலை செய்யும், தலைமை விருந்தினர் வரும்போது வருவார். அதிலும் முன்னாள் என்றால், இந்நாள்களைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தால்தான் மதிப்பு. குருநாதன் ஐயாவின் கார் ஏரிக்கரையில் திரும்பியபோது உச்சி வெயில்.

நேர்ப்பாதையின் தொடக்கத்தில் மேடையும் ஒரு பந்தலும். முடிவில் பொதுமக்களுக்கு இன்னொரு பந்தல், அதில் பெரிய அண்டாவில் நீர்மோர். இரண்டுக்கும் நடுவில் நூறு மீட்டர் வெட்டவெளி. ஒரு பக்கம் கூட்டம் உள்ளே வராமல் இருக்கச் சவுக்குக் கட்டை கட்டி, அதில் அஜித்குமாரின் பேனர்களை இடைவெளி இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மறுபக்கம், மைதானத்தின் உள்ளே, மீதமான கூர் ஜல்லி பரப்பிக் கிடந்தது. புழுதி அடங்குவதற்காக மேடைக்கு முன்னால் மட்டும் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

முத்தமிழ் பந்தல் ஓரமாகப் போய், நிழலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். வைத்ததும் எடுத்தாள். சாதாரணச் சிமெண்டே அந்த வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். இதற்குமேல் செங்காவி வேறு. அடர்ந்த நிறம் இன்னும் அதிகமாகக் குடிக்கும். காலையிலிருந்து குடித்தது அத்தனையும் உள்ளேயே இருந்தது.

மேடையில் பேச்சு தொடங்கியது. எல்லோரும் எல்லோரையும் விளித்தார்கள். இளையபெருமாள், உலகத்திலேயே முழுக்க முழுக்கக் கான்கிரீட்டில் அமைந்த ஓடுதளம் வேறெங்கும் இல்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும் என்று முத்தமிழ் நினைத்தாள். வேறெங்கும் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. குருநாதன் ஐயாவை மேடை ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவர் பேசும்போது, இளைஞர்கள் உடலைப் பேண வேண்டும் என்றார்.

பிறகு பூசை. எல்லோரும் செருப்பையும் ஷூவையும் மேடைக்குப் பின்னால் கழற்றிவிட்டு, தொடக்கக் கோட்டில் இருந்த மஞ்சள் பிள்ளையாரைச் சுற்றி நின்றார்கள். நிழலும் ஈரமுமாக இருந்ததால் அங்கே தரை சில்லென்றிருந்தது. தேங்காய் உடைந்தது, சூடம் எரிந்தது.

அஜித்குமார் மைக்கைப் பிடித்தான்.

"இதோ... நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த அந்த நொடி... பெரம்பலூரின் பெருமை, மின்னலின் உடன்பிறப்பு, என் தங்கை முத்தமிழ்..."

கூட்டம் விசிலடித்தது. முத்தமிழுக்கு நேஷனல்ஸ் இறுதி ஓட்டம் இதைவிடச் சுலபமாகத் தோன்றியது. அங்கே ஓடினால் போதும். இங்கே ஓடாமல் இருக்க வேண்டும். அது அவளுக்கு யாரும் கற்றுத்தராத வித்தை. அண்ணன் கண்ணைப் பார்த்தாள். அவன் கண் கெஞ்சியது. இடது காலுக்குள் எங்கேயோ நிரம்பாத ஒரு பள்ளம் இருந்தது.

மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கங்க. இந்த ட்ராக்குல முதல்ல ஓடுற மரியாதைய எனக்குக் குடுத்திருக்கீங்க. ஆனா..." மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "என் கால் எலும்புல அடிபட்டிருக்குங்க. கெட்டித் தரையில ஓடுனா ஒடஞ்சிடும். இது ரொம்பக் கெட்டியான தரை. அதனால நான் ஓடலைங்க."

விசில் நின்றது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. இளையபெருமாள் முகத்தில் பெண் வீட்டார் அவமானம். பின்வரிசையில் ஒருவர், "அதான பாத்தேன், மெடல் வந்துட்டா மண்ணு புடிக்காது," என்றார்.

அந்தக் குரல்தான் அவளுக்கு அடுத்த வார்த்தையைக் கொடுத்தது.

"அதுவுமில்லாம, இது என்னைவிடப் பெரியவங்க கட்டுனது. அய்யாவும் சாரும் இங்க இருக்கும்போது நான் முந்திக்கிட்டு ஓடுனா நல்லாருக்காது. கட்டுனவங்கதான் முதல்ல கால் வைக்கணும். அவங்க நடந்து போயிட்டு வரட்டும், நாம கை தட்டுவோம்."

மேடைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இது: ஒரு மரியாதையை மைக்கில் கொடுத்துவிட்டால், வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல எந்த மனிதனாலும் முடியாது. கூட்டம் கை தட்டிவிட்டது. போட்டோக்காரர்கள் ஏற்கெனவே குனிந்து கேமராவைத் தூக்கிவிட்டார்கள்.

அவள் மைக்கை இறக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற இளையபெருமாளிடம் மெதுவாகச் சொன்னாள். "சார், சூடா இருக்குங்க. ஷூ போட்டுக்கங்க."

"சாமி இருக்கற எடத்துல ஷூவா?" என்றார் அவர். "நம்ம ஊர் வெயில் நமக்குத் தெரியாதாம்மா?"

ஆலையில் அவர் அறை, அவர் கார், அவர் வீடு மூன்றிலும் ஏசி உண்டு.

குருநாதன் ஐயா நடுவில், இளையபெருமாள் வலப்புறம், செந்தில்குமார் இடப்புறம், ஆளுக்கொரு லேனாகப் புறப்பட்டார்கள். கையை ஆட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு, பெண் அழைப்பு ஊர்வலம் மாதிரி நிதானமாக. ஈரம் இருந்த வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஈரம் முடிந்தது. நிழல் முடிந்தது.

முதலில் சிரிப்பு போனது. கை ஆட்டுவது நின்றது. குருநாதன் ஐயா ஒரு காலைத் தூக்கினார், அடுத்த காலைத் தூக்கினார், இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்க வழியில்லை என்பதைக் கண்டுகொண்டார். வலது பக்கம் பார்த்தால் சவுக்குக் கட்டையும் அதில் சீறும் சிறுத்தையும். இடது பக்கம் கூர் ஜல்லி. பின்னால் கேமராக்கள். முன்னால், தூரத்தில், மோர்ப் பந்தல்.

ஓடினார்கள்.

முத்தமிழ் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்கால் தேய்ந்த மனிதரின் முழங்கால்கள் இடுப்பு உயரத்துக்கு எழும்பின. விடுதியில் இதற்காகவே தினம் காலையில் பயிற்சி கொடுப்பார்கள், பாதிப் பேருக்கு வராது. கைகள் முகவாய் வரைக்கும் வீசின. குதிகால் தரையைத் தொடவே இல்லை. விரல் நுனி மட்டும், அதுவும் பட்டதும் எடுப்பு. பெரிய திரையில் படம் போட்டுக் காட்டியதெல்லாம் அங்கே வேட்டி கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி இடையில் தடுத்ததை ஐயா ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதில் மட்டும் கொஞ்சம் வேகம் குறைந்தது.

தொடக்கத்தில் செந்தில்குமார் முன்னால் இருந்தார். வயது குறைவு. ஆனால் பாதித் தூரத்தில் பொது மேலாளரை முந்துவது முறையல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கணம் தயங்கினார். தயங்கிய அந்த அடி தரையில் கொஞ்சம் அதிக நேரம் தங்கிவிட்டது. "அய்யோ" என்று கத்திக்கொண்டு மறுபடியும் முந்தினார். பதவி உயர்வு அங்கேயே போயிற்று என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு நடப்பது விளங்கவில்லை. எழுபது வயதுக்காரர் இந்த வேகத்தில் ஓடுகிறாரே என்று எழுந்து நின்று விசிலடித்தார்கள். அஜித்குமார் தொழில் பக்தி மாறாமல் மைக்கில் வர்ணித்துக்கொண்டிருந்தான்: "இதோ பாருங்கள், இளமை திரும்பிய எங்கள் ஐயா!"

பந்தலுக்குள் முதலில் நுழைந்தவர் செந்தில்குமார், பிறகு குருநாதன் ஐயா, கடைசியாக இளையபெருமாள். ஐயா நிற்கவில்லை. நேராகப் போய் இரண்டு காலையும் மோர் அண்டாவுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "ஆ..." என்றார். அதற்குள் இளையபெருமாளும் ஒரு காலுக்கு இடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா தரை இது!" ஐயா கண்ணைத் திறக்காமலே கத்தினார். "மனுஷன் ஓடுறதுக்குப் போட்டதா, இல்ல கடல வறுக்கறதுக்கா?"

மறுபந்தலில் அமிர்தவல்லி மகள் பக்கம் சாய்ந்தாள். "களத்துல கால எப்படி வைக்கணும்னு தெரியல பாரு."

அன்று முத்தமிழை ஓடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் அஜித்குமார் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பிறகு, "அந்த ஸ்கேன் படத்த எடு," என்றான். இந்தத் தடவை திருப்பாமல் பார்த்தான். "எங்க இருக்கு பள்ளம்?" அவள் காட்டினாள். "சரி," என்றான். மறுநாளிலிருந்து விடியற்காலையில் ஏரிக்குள் அவள் ஓடும் இடத்தில் கல் பொறுக்கிப் போட்டது அவன்தான். ஆனால் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அடைமொழி வைத்தான்.

ஆலையிலும் கூட்டம் போட்டு ஆராய்ந்தார்கள். தவறு எங்கே நடந்தது என்று இளையபெருமாள் கேட்டார், பாதத்தில் கட்டோடு. செந்தில்குமார் எல்லாவற்றையும் அலசி ஒரு முடிவுக்கு வந்தார்: தரையில் தவறில்லை. வெயிலில்தான் தவறு. எனவே ஓடுதளத்தை முழுவதும் மூடுகிற மாதிரி மேலே ஒரு கூரை போட வேண்டும். கான்கிரீட் கூரை. நூறு வருஷம் தாங்கும். இளையபெருமாள் யோசித்துப் பார்த்து, "முதல்லயே ஏன் தோணல?" என்றார்.

வரைபடம் தயாராகிற வரை இடம் சும்மா கிடந்தது. அந்தச் சமயம் கிணற்று நீர் பாய்ச்சி விளைவித்த இறவை மக்காச்சோளம் அறுவடை. ஊர்க் களம் போதாமல் தார் ரோட்டில் ஒரு ஓரமாகச் சோளத்தைக் கொட்டி, லாரிக்கும் பஸ்சுக்கும் பயந்து பயந்து காயவைக்கிற ஜனங்களுக்கு எட்டு லேன் சிமெண்டுத் தரை கிடைத்தால் என்ன செய்வார்கள்? ஒரே வாரத்தில் செங்காவி மறைந்து ஊரே மஞ்சளாகிவிட்டது. வெள்ளைக்கோடு போட்டுப் பிரித்துவைத்திருந்ததால் பங்கு பிரிப்பதும் சுலபம். குடும்பத்துக்கு ஒரு லேன்.

ஓட்டப் பந்தயத்தில் இருநூறு மீட்டருக்கு எல்லோரையும் ஒரே கோட்டில் நிற்க வைப்பதில்லை, கவனித்திருப்பீர்கள். வளைவில் உள் லேன் சிறியது, வெளி லேன் பெரியது. எல்லோரும் ஒரே தூரம் ஓட வேண்டும் என்பதற்காக வெளி லேன்காரியை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். விடுதியில் இதை விளக்க ஒரு வகுப்பு முழுக்க ஆகும். அரும்பாவூர்க்காரர்கள் சோளத்தைக் கொட்டிய முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். எட்டாவது லேனில் அதிக மூட்டை காயும். அதற்காக அடிதடியே நடந்தது. முத்தமிழ் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது, அம்மா பக்கத்து லேன் உண்ணாமலையிடம் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். உண்ணாமலையின் சோளம் கோடு தாண்டி வந்துவிட்டதாம். கோட்டை மிதித்தால் தகுதி நீக்கம் என்பது தடகளத்திலும் உள்ள விதிதான்.

பெங்களூரில் லேன் குலுக்கலில் முத்தமிழுக்கு எட்டு வந்தது. ஓட்டக்காரிகள் யாரும் விரும்பாத லேன். மற்றவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும், யாரையும் பார்க்க முடியாது. யார் எவ்வளவு அருகில் வருகிறார்கள் என்பது கடைசி நேர்ப்பாதை வரும்வரை தெரியாது. பயத்தோடு தனியாக ஓட வேண்டிய லேன். அவள் வருத்தத்தோடு வூட்டுக்குப் போன் போட்டாள்.

"எட்டா?" அமிர்தவல்லி கூவினாள். "அடி யோகக்காரி! உனக்கு யாருடி எட்டு குடுத்தா? இங்க பங்கு பிரிக்கிற ரத்தினம்மா கால்ல விழாத குறையா கேட்டுல்ல நான் எட்ட வாங்குனேன்!"

முத்தமிழ் சிரித்துக்கொண்டே போய்த் தரையில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்சம் அமுங்கிக்கொடுத்தது. துப்பாக்கி வெடித்தது. முன்னால் யாருமில்லை, வெறும் தரை. அது கொதிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பட்டதும் எடுத்தாள், பட்டதும் எடுத்தாள். நேர்ப்பாதைக்குள் வந்தபோது பக்கவாட்டில் ஒரே ஒரு தோள் மட்டும் முன்னால் தெரிந்தது. கோட்டைத் தாண்டும்வரை வேறு தோள் எதுவும் வரவில்லை.

இரண்டாவது. இரண்டு பேருக்கு இடம்.

புல்லில் உட்கார்ந்து இடது காலை நீட்டி, கட்டைவிரலால் முன்னெலும்பை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்த்தாள். எங்கும் வலிக்கவில்லை. பள்ளம் நிரம்பியிருந்தது.

போனில் முதலில் அண்ணன்தான் கத்தினான். பேனர் ஏற்கெனவே மிஷினில் ஓடுகிறது என்றான். இந்தத் தடவை காலும் அவளுடையதேதான் என்று சத்தியம் செய்தான். கூரைத் திறப்பு விழாவுக்கு ஆலையில் தேதி கேட்கிறார்கள் என்று மெதுவாக இழுத்தான். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"கால் வலிக்குதாடி?"

"இல்லம்மா."

"அப்ப சரி. மேக்கால வானம் கருக்கிட்டு வருது, சோளத்த அள்ளணும். வச்சிடறேன்."

பின்னால் உண்ணாமலை ஏதோ கத்துவது கேட்டது. லேன் விவகாரமாகத்தான் இருக்கும்.